கோல்ஃபாக்ஸ்: ஒரே நாளுக்கு மூன்று சாசனங்கள்

அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைகளில் எந்த மாநிலத்திலும் தவறாமல் கண்ணில் படுபவை, கம்பத்தின் மேல் பொருத்தப்பட்ட வரலாற்றுப் பலகைகள். இன்ன ஆண்டில் இவ்விடத்தில் இன்னது நடந்தது என்று சில வரிகளில் சொல்லிவிடும் அப்பலகைகளோடு, மாநிலத்துக்கு அடுத்த நிருவாகப் பிரிவான கவுண்டியின் நீதிமன்றப் புல்வெளியில் நிற்கும் போர்வீரர் சிலை, போரில் மாண்டோர் பெயர் பொறித்த கருங்கல், கல்லறைத் தோட்டத்து நினைவுத்தூண் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அருங்காட்சியகம் இல்லாத சிற்றூருக்கும் பொதுவெளியில் எழுதிவைக்கப்பட்ட ஒரு வரலாறு இருப்பது புலப்படும். அந்த வரலாற்றை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எவரை விட்டுவிட்டு எழுதினார் என்ற கேள்விகள் அந்நாட்டில் கடந்த சில பத்தாண்டுகளாக வலுத்து வந்துள்ளன. லூயிசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில், 1873-ஆம் ஆண்டின் ஒரே ஒரு நாளைப் பற்றி 1921, 1950, 2023 ஆகிய ஆண்டுகளில் எழுப்பப்பட்ட மூன்று நினைவுச்சின்னங்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்க்கு, இக்கேள்விகளின் பொருள் பெருமளவு விளங்கிவிடும். அம்மூன்றும் நாளைப் பற்றி முரண்படவில்லை, மனிதர்கள் கொல்லப்பட்டதையும் மறுக்கவில்லை. மாண்டோருள் யாருக்குப் பெயர் தருவது, யாரை எண்ணாக மட்டும் குறிப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

பலகைகள் வந்த வழி

சாலையோரப் பலகை மோட்டார் வாகன யுகத்தின் படைப்பு. 19-ஆம் நூற்றாண்டின் நினைவுச்சின்னங்கள், நடந்து வருவோரையும் விழா நாளில் கூடுவோரையும் மனத்தில் கொண்டு சதுக்கங்களிலும் கல்லறைகளிலும் எழுப்பப்பட்டவை. காரில் வருவோர் சற்றுத் தொலைவிலேயே கண்டு, வண்டியை ஓரங்கட்டி, ஒரு நிமிடத்தில் படித்துச் செல்லத்தக்க எழுத்து தேவைப்பட்டபோது பலகைக்கு இடம் உண்டாயிற்று. பென்சில்வேனியா 1914 முதல் வெண்கலத் தகடுகளைப் பாறைகளில் பதித்து வந்தது. நியூயார்க் மாநிலம் அமெரிக்கச் சுதந்திரப் போரின் 150-ஆவது ஆண்டையொட்டி 1926-இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. வர்ஜீனியா 1927-இல் முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் பலகைகளை நடத் தொடங்கி, இன்று 2,500-க்கும் மேற்பட்ட பலகைகளைக் கொண்டிருக்கிறது. மெக்சிகோவிடமிருந்து பிரிந்த நூற்றாண்டை 1936-இல் கொண்டாடிய டெக்சஸ், அப்போது நட்ட கருங்கற்களில் தொடங்கி இன்று 16,000-க்கும் மேற்பட்ட பலகைகளை எட்டியுள்ளது.

இப்பலகைகளில் பெரும்பாலானவை வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. வாசகத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி மாதிரி ஒன்றை அமைத்து, அதை மணலில் அழுத்தி அச்செடுத்து, உருக்கிய அலுமினியத்தை அதில் ஊற்றி, ஆறியபின் வண்ணம் பூசி, மேடாக நிற்கும் எழுத்துகளுக்கு மட்டும் வேறு நிறம் தீட்டுவது இதன் முறை. ஒஹையோ மாநிலத்தின் மரியெட்டா என்ற ஊரில் 1927 முதல் இயங்கும் சீவா ஸ்டூடியோஸ் என்ற பட்டறை பல மாநிலங்களுக்கும் இவற்றை வார்த்துக் கொடுக்கிறது. பலகையின் பரப்பு சிறியதென்பதால் வாசகமும் சிறிதாகவே இருந்தாக வேண்டும். வர்ஜீனியாவில் அது ஏறத்தாழ 100 சொற்களுக்குள் அடங்க வேண்டும். காரணம், பின்னணி, மாற்றுக் கருத்து ஆகியவற்றுக்கு அதில் இடமிராது. எனவே எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்வது, எந்த விவரத்தை முதலில் வைப்பது, எந்த வாக்கியத்தோடு முடிப்பது என்பனவே அங்கு வரலாற்று விளக்கத்தின் வேலையைச் செய்கின்றன.

நாடு முழுமைக்குமான ஒரே அதிகார அமைப்பு இத்துறையில் இல்லை. பல மாநிலங்களில் வரலாற்று ஆணையமோ அதுபோன்ற அரசுத் துறையோ வாசகத்தை ஆராய்ந்து ஒப்புதல் தருகிறது. ஆனால் பலகை வேண்டும் என்று கேட்பதும், சில ஆயிரம் டாலர் செலவை ஏற்பதும் பெரும்பாலும் உள்ளூர் சங்கங்கள், தேவாலயங்கள், குடும்பங்கள், வணிகர்கள் ஆகியோரே. வர்ஜீனியாவில் 1976-இல் அரசு நிதி நின்ற பிறகு புதிய பலகைகள் ஏறக்குறைய முழுமையாகப் புரவலர்களையே நம்பியுள்ளன. நியூயார்க்கின் சிரக்கியூஸ் நகரிலிருந்து 2006 முதல் பலகைகளுக்கு நிதியளித்து வரும் பொமராய் அறக்கட்டளை, கூறப்படும் ஒவ்வொரு செய்திக்கும் நிகழ்வு நடந்த காலத்தின் நேரடி ஆவணத்தைக் கேட்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய கண்டிப்பு பொது விதியாக இருக்கவில்லை. அன்று பணமும் அமைப்பும் செல்வாக்கும் உடையோர் சொன்னதே பல இடங்களில் கல்லிலும் உலோகத்திலும் ஏறியது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுக்குச் சிலை எடுப்பதையும் பள்ளிப் பாடநூல்களில் அவர்கள் தரப்பை நிலைநாட்டுவதையும் பணியாகக் கொண்டு 1894-இல் தொடங்கப்பட்ட ‘கூட்டமைப்பின் ஒன்றிணைந்த மகளிர்’ என்ற சங்கம், தென்மாநிலங்களின் சிற்றூர்ச் சதுக்கங்களை எவ்வளவு மாற்றியமைத்தது என்பதற்கு அவ்வூர்களின் சிலைகளே சான்று.

1873, ஏப்ரல் 13

கோல்ஃபாக்ஸ், செந்நதி எனப்படும் ரெட் ஆற்றின் கரையில், அலெக்சாண்ட்ரியா நகருக்கு வடமேற்கே அமைந்த, சுமார் 1,500 பேர் வாழும் ஊர். பிற மாநிலங்களில் கவுண்டி என்பதற்கு லூயிசியானாவில் பாரிஷ் என்று பெயர். இவ்வூர் கிராண்ட் பாரிஷின் தலைநகரம். பாரிஷுக்கு அன்றைய குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்டின் பெயரும், ஊருக்குத் துணைக் குடியரசுத் தலைவர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸின் பெயரும் 1869-இல் சூட்டப்பட்டன என்பதே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் ஆடவர்க்கு வாக்குரிமையும் அரசமைப்புத் திருத்தங்களால் வழங்கப்பட்ட ஆண்டுகள் அவை. கூட்டாட்சி அரசின் படைப் பாதுகாப்போடு தென்மாநில அரசுகள் புதிதாக அமைக்கப்பட்ட அக்காலத்தை வரலாற்றாசிரியர்கள் மறுகட்டமைப்புக் காலம் என்பர். புதிய பாரிஷின் நீதிமன்றம், பெரிய தோட்டப்பண்ணை ஒன்றின் குதிரை லாயத்தை மாற்றியமைத்த கட்டடத்தில் இயங்கியது.

1872-இல் நடந்த மாநில ஆளுநர் தேர்தலில், கறுப்பினத்தவரின் ஆதரவு பெற்ற ரிபப்ளிக்கன் கட்சியின் வில்லியம் பிட் கெல்லாகும், வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்க முனைந்தோரின் வேட்பாளர் ஜான் மெக்கனெரியும் தாமே வென்றதாக அறிவித்துக்கொண்டனர். இருவரும் தனித்தனியே பதவியேற்று, ஒவ்வொரு பாரிஷுக்கும் தத்தம் நீதிபதிகளையும் ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவர்களையும் நியமிக்க, ஒரே நாற்காலிக்கு இருவர் உரிமை கோரும் நிலை ஏற்பட்டது. கெல்லாகின் நியமனம் பெற்றோர் மார்ச் மாத இறுதியில் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் நுழைந்து பொறுப்பேற்றனர். வெள்ளையர் ஆயுதக் குழுக்கள் திரள்வதாகச் செய்தி பரவியதும், சுற்றுவட்டாரக் கறுப்பின உழவர்கள் அந்த அதிகாரிகளைக் காக்க ஊரில் கூடி, நீதிமன்றத்தைச் சுற்றி ஆழமற்ற அகழி ஒன்றைத் தோண்டினர். ஏப்ரல் 5 அன்று ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற கறுப்பின உழவர் தம் வீட்டு வேலிக்கருகே சுட்டுக் கொல்லப்பட்டதும், அஞ்சிய குடும்பங்கள் பல கோல்ஃபாக்ஸில் அடைக்கலம் புகுந்தன.

ஈஸ்டர் ஞாயிறான ஏப்ரல் 13 அன்று, ஷெரிஃப் பதவிக்கு உரிமை கோரிய கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ் என்பவரின் தலைமையில், குதிரை மீதேறிய 100-க்கும் மேற்பட்ட வெள்ளையர் சிறு பீரங்கி ஒன்றுடன் வந்தனர். பெண்களும் குழந்தைகளும் வெளியேற அவகாசம் கொடுத்தபின் தாக்குதல் தொடங்கியது. பீரங்கிக்கு எதிரே அகழியில் நிற்க முடியாமல் காவலர்கள் சிதறினர். சிலர் ஓடும்போதே கொல்லப்பட்டனர், எஞ்சியோர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தனர். கட்டடத்தின் கூரைக்குத் தீ வைக்கப்பட்டதும் உள்ளிருந்தோர் வெள்ளைக் கொடி காட்டினர்; அந்நேரத்தில் தாக்கியோர் தரப்பில் ஜேம்ஸ் ஹாட்னாட் என்பவர் சுடப்பட, வெளியே வந்த நிராயுதபாணிகள் மீது துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அன்றிரவு, சிறைபிடிக்கப்பட்டிருந்த சுமார் 50 பேர் வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர். இறந்தோரின் சரியான எண்ணிக்கை என்றுமே தெரியவரவில்லை. சில உடல்கள் ஆற்றில் எறியப்பட்டன; பல உடல்கள், அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தோண்டிய அந்த அகழியிலேயே புதைக்கப்பட்டன. 1875-இல் நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட ராணுவ அறிக்கை குறைந்தது 105 பேர் மாண்டதாகக் கணித்தது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் அறுபதுக்குச் சற்று மேலே தொடங்கி 150 வரை செல்கின்றன. தாக்கிய தரப்பில் இறந்தோர் மூவர்.

நீதிமன்றம் கைவிட்ட வழக்கு

நினைவுச்சின்னங்களின் கதையைப் புரிந்துகொள்ள, நிகழ்வுக்குப் பின் வந்த வழக்கையும் அறிய வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் இருந்த கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் பெக்வித், குடிமக்கள் தம் உரிமைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சதி செய்வோரைத் தண்டிக்கும் 1870-ஆம் ஆண்டு அமலாக்கச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ நூறு பேர் மீது குற்றம் சாட்டினார். அவர்களுள் ஒன்பது பேர் மட்டுமே விசாரணைக் கூண்டில் நின்றனர். 1874-இல் நடந்த இரு விசாரணைகளின் முடிவில் மூவர் மட்டும், அதுவும் கொலைக்காக அன்றிச் சதிக்காக, குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அத்தீர்ப்பும் நிலைக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வில்லியம் குரூக்‌ஷாங்கின் பெயரால் அறியப்படும் மேல்முறையீட்டில், 1876 மார்ச் 27 அன்று, அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளின் செயல்களைத்தான் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் தனியாருக்கு இழைக்கும் கொடுமையை அன்று என்றும், குற்றப்பத்திரிகையும் குறைபாடுடையது என்றும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

தனியாரின் வன்முறையைத் தண்டிப்பது மாநிலத்தின் வேலை என்று சொன்ன அத்தீர்ப்பு, அந்த மாநிலமே வன்முறையாளரின் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்தது. நாஷின் ஆட்களைக் கருவாகக் கொண்டு 1874-இல் கிராண்ட் பாரிஷிலேயே தோன்றிய ‘வெள்ளையர் சங்கம்’ லூயிசியானா முழுவதும் கிளை பரப்பியது. 1877-இல் கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டதும் மறுகட்டமைப்பு முடிவுக்கு வந்தது. மாநிலத்தின் 1898-ஆம் ஆண்டு அரசமைப்பு, கல்வித் தேர்வு, சொத்துத் தகுதி போன்ற நிபந்தனைகளால் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிற்று: 1896-இல் 1,30,000-க்கும் மேல் இருந்த அவர்களின் எண்ணிக்கை 1904-இல் 1,342 ஆகச் சுருங்கியது. கோல்ஃபாக்ஸில் முதல் கல் நடப்பட்டபோது, மாண்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தாலும், அந்தக் கல்லைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லும் வலிமை அவர்களிடம் இல்லாமற்போனதற்கு இதுவே பின்னணி.

முதல் சாசனம்: மூன்று பெயர்கள்

நிகழ்வின் 48-ஆவது ஆண்டு நாளான 1921 ஏப்ரல் 13 அன்று, ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 12 அடி உயரமுள்ள பளிங்குக் கூர்ந்தூண் ஒன்று நிறுவப்பட்டது. தாக்கியோர் தரப்பில் இறந்த ஸ்டீபன் டெக்கட்டர் பாரிஷ், ஜேம்ஸ் வெஸ்ட் ஹாட்னாட், சிட்னி ஹாரிஸ் ஆகிய மூவரையும் வீரர்கள் என்று குறிப்பிடும் அதன் வாசகம், அவர்கள் வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் வீழ்ந்தனர் என்று ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. மாநில உரிமை, தாயகக் காப்பு போன்ற மறைப்புச் சொற்களைத் தென்மாநிலச் சிலைகள் பல நாடியிருக்க, நோக்கத்தை அதன் பெயராலேயே சொன்ன கல் இது. எதிர்ப்பு எழும் என்ற எண்ணமே எழுதியோர்க்கு இருக்கவில்லை. அன்றைய அரசியல் நிலையில் அந்த நோக்கம் வெற்றிபெற்ற, மரியாதைக்குரிய நோக்கமாகவே அவர்களுக்குப் பட்டது.

இச்சாசனத்தில் பெயர்கள் உண்டு, எண்ணிக்கை இல்லை. மறுதரப்பில் யாரேனும் இறந்தனர் என்ற குறிப்பே அதில் கிடையாது. கலவரம் என்ற சொல்லும் தன் பங்கைச் செய்கிறது: இரு தரப்பும் கட்டுமீறி மோதிக்கொண்டதாகப் பொருள் தரும் அச்சொல், சட்டப்படி பொறுப்பேற்ற அதிகாரிகளைக் காத்து நின்றோரையும், சரணடைந்தோரைச் சுட்டோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

இரண்டாம் சாசனம்: 150 என்ற எண்

இரண்டாவது சின்னம் தனியார் கல்லன்று, மாநில அரசின் சாலையோரப் பலகை. லூயிசியானாவின் வணிக, தொழில் துறை 1950-இல் நீதிமன்றத்தின் அருகில் நட்ட அப்பலகை, கோல்ஃபாக்ஸ் கலவரம் என்ற தலைப்பின் கீழ், இவ்விடத்தில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர் என்றும், இந்நிகழ்வு தெற்கில் ‘கார்ப்பெட்பேக்’ முறைகேட்டு ஆட்சியின் முடிவைக் குறித்தது என்றும் அறிவித்தது. போருக்குப் பின் வடக்கிலிருந்து தெற்கே வந்து அரசியலில் இறங்கியோரை, கம்பளத் துணியால் தைத்த மலிவான பையில் உடைமைகளைத் திணித்துக்கொண்டு பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று ஏளனம் செய்யத் தெற்கத்தியர் வழங்கிய வசையே கார்ப்பெட்பேகர் என்பது. அவ்வசை அரசுப் பலகையில் வரலாற்றுச் சொல்லாக ஏறியதற்குக் கல்வித் துறையும் ஒரு காரணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல்கள், மறுகட்டமைப்பு என்பது தகுதியற்றோர் கையில் அதிகாரம் போன கேடுகாலம் என்ற கருத்தைப் பரப்பின. 1935-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அதை விரிவாக மறுத்து எழுதியும், பல பத்தாண்டுகள் வரை பாடநூல்கள் அம்மறுப்பைப் பொருட்படுத்தவில்லை.

பலகையின் இரண்டாம் வாக்கியம் செய்தியளவிலும் தவறானது. 1873-இல் லூயிசியானாவில் எந்த ஆட்சியும் முடியவில்லை. கெல்லாக் 1877 வரை ஆளுநராக நீடித்தார். முதல் வாக்கியமோ அதைவிடக் கவனிக்கத்தக்கது. இறந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கையை அது குறைத்துக் காட்டவில்லை. ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடுகளின் உச்சத்தையே எடுத்துக்கொண்டது. கொடுமை மறைக்கப்படும்போதுதான் வரலாறு திரிகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. மூன்றுக்கு 150 என்ற கணக்கு அடுத்து வரும் வாக்கியத்தின் சாதனைக்குச் சான்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. முதல் சாசனத்தின் நேர்மாறு இது, ஆயினும் அதே நோக்கத்தின் தொடர்ச்சி.

பலகையை நட்ட துறை சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் பொறுப்பும் கொண்டிருந்தது என்பதையும், ஆண்டு 1950 என்பதையும் இணைத்துப் பார்க்க வேண்டும். இனப் பாகுபாட்டுக்கு எதிரான கோரிக்கைகள் வலுத்து, 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். அதே ஆண்டுத் தேர்தலில், இனப் பிரிவினையைக் காக்கவே தனிக் கட்சி கண்ட ஸ்ட்ராம் தர்மண்டுக்கு வாக்களித்த நான்கு மாநிலங்களில் லூயிசியானாவும் ஒன்று. கூட்டாட்சி அரசின் தலையீடு மீண்டும் வரக்கூடும் என்ற அச்சம் சூழ்ந்த வேளையில், முன்பு வந்த தலையீடு எவ்வாறு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது என்று வழிப்போக்கருக்குச் சொல்லும் பலகை, 1873-ஐவிட 1950-ஐப் பற்றியே அதிகம் பேசியது. அந்நீதிமன்றத்துக்கு வழக்குக்காக வந்த, வரி கட்ட வந்த, பின்னாளில் வாக்காளராகப் பதிய வந்த ஒவ்வொரு கறுப்பினக் குடிமகனும் அரசின் முத்திரை பெற்ற அவ்வாசகத்தைக் கடந்தே சென்றிருக்க வேண்டும்.

மூன்றாம் சாசனம்: 57 பெயர்கள்

பலகை 71 ஆண்டுகள் நின்றது. இதற்கிடையே கல்வித் துறையில் மறுகட்டமைப்பு பற்றிய பார்வை அடியோடு மாறி, அது அமெரிக்காவின் முதல் பல்லின மக்களாட்சி முயற்சி என்ற கருத்து நிலைபெற்றது. 2008-இல் லீயானா கீத்தும் சார்லஸ் லேனும் தனித்தனியே எழுதிய நூல்கள் கோல்ஃபாக்ஸ் நிகழ்வைப் படுகொலை என்றே பதிவு செய்து, வழக்கு ஆவணங்களையும் சாட்சியங்களையும் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தன. ஆயினும் நூலகத்தில் மாறிய வரலாறு சாலையோரத்தில் மாறத் தனி முயற்சி தேவைப்பட்டது. ஏப்ரல் 5 அன்று கொல்லப்பட்ட ஜெஸ்ஸி மெக்கின்னியின் வழித்தோன்றல் ஒருவரும், தாக்கியோருள் ஒருவரின் வழித்தோன்றல் ஒருவரும் கைகோத்து இயங்கிய முயற்சியின் பயனாக, 2021 மே 15 அன்று பலகை அகற்றப்பட்டது.

அகற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. நிகழ்வின் 150-ஆவது ஆண்டு நாளான 2023 ஏப்ரல் 13 அன்று, ஊரில் கறுப்புக் கருங்கல்லால் ஆன, ஏறத்தாழ 7 அடி உயர நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. உறுதியாக அடையாளம் காணப்பட்ட 57 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. 150 என்று பழைய பலகை சொன்ன இடத்தில் புதிய கல் 57 என்று நிற்பது முதற்பார்வையில் இறங்குமுகமாகத் தோன்றலாம். ஆனால் முந்தையது எவரையும் அடையாளம் காட்டாத முழு எண், பிந்தையது ஆவணத்தில் ஒவ்வொருவராகத் தேடிக் கண்ட பெயர்களின் கூட்டுத்தொகை. பழைய பளிங்குத் தூண் புதிய கல் திறக்கப்பட்டபோதும் கல்லறைத் தோட்டத்தில் நின்றது. ஒரே சிற்றூரில், ஒரே நாளைப் பற்றி, இரண்டு பெயர்ப் பட்டியல்கள் ஒன்றையொன்று மறுத்தபடி நிற்கும் நிலை அவ்வாறு உருவானது.

பலகைக்கு எதிராகத் துப்பாக்கி

பழைய பலகையை அகற்றுவது ஒருவகைச் சிக்கல் என்றால், புதிய பலகையைக் காப்பது இன்னொரு வகைச் சிக்கல் என்பதை அண்டை மாநிலமான மிசிசிப்பி காட்டுகிறது. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையினப் பெண் ஒருவரிடம் வரம்பு மீறியதாகக் கூறப்பட்டு, 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொல்லப்பட்டான். டாலஹாச்சி கவுண்டியின் சம்னர் என்ற சிற்றூரில் அடுத்த மாதம் நடந்த விசாரணையில், முற்றிலும் வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான ஆலோசனைக்குப் பின் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. அவ்விசாரணை நடந்த நீதிமன்றத்தின் புல்வெளியில் தென்மாநிலக் கூட்டமைப்பு வீரரின் சிலை அப்போதே நின்றது. டில்லின் பெயரைத் தாங்கிய பலகையோ அரை நூற்றாண்டு வரை அங்கு இல்லை.

கறுப்பின, வெள்ளையின உள்ளூர்வாசிகள் சேர்ந்து 2006-இல் அமைத்த ஆணையம், 2007 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் முன் பொது மன்னிப்பு அறிக்கையை வாசித்தது. அடுத்த ஆண்டு, வழக்கோடு தொடர்புடைய இடங்களில் பலகைகளை நட்டது. சிறுவனின் உடல் எடுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் வைத்த பலகை அவ்வாண்டே திருடப்பட்டது. மாற்றாக வைத்தது துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையாக்கப்பட்டது; 2018-இல் வைத்த மூன்றாவதும் சில வாரங்களிலேயே சுடப்பட்டது. 2019 அக்டோபரில் நடப்பட்ட நான்காவது, ஏறத்தாழ 500 பவுண்டு எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகை. துளைகளோடு மீட்கப்பட்ட பலகை ஒன்று 2021-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பலகை நின்ற ஆற்றங்கரைப் பகுதியும் சம்னர் நீதிமன்றமும் 2023 ஜூலை 25 அன்று தேசிய நினைவிடத்தின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. வரலாற்றைச் சொல்ல நட்ட தகடு, தன் உடலில் ஏறிய துளைகளால் தானே வரலாற்றுச் சான்றாக மாறிய அரிய எடுத்துக்காட்டு இது.

இத்தகைய உள்ளூர் முயற்சிகளுக்குத் துணையாகப் பெரிய திட்டங்களும் எழுந்துள்ளன. சட்டப் பேராசிரியரும் வழக்கறிஞருமான பிரையன் ஸ்டீவன்சன் 1989-இல் தொடங்கிய ‘சம நீதி முன்னெடுப்பு’ என்ற அமைப்பு, கும்பல் கொலைகள் நடந்த கவுண்டிகளில் உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து பலகைகளை நட்டு வருகிறது. அலபாமாவின் மான்ட்கமரி நகரில் அது 2018 ஏப்ரலில் திறந்த நினைவிடத்தில், கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் மாண்டோரின் பெயர்களோடு தொங்குகின்றன. டெக்சஸ் மாநில வரலாற்று ஆணையமும், போதிய அளவு சொல்லப்படாத வரலாறுகளுக்கென்றே 2006 முதல் ஒரு தனித் திட்டத்தை நடத்துகிறது. புரவலர் இல்லாதோர் வரலாறு பலகை ஏறாமலே போகும் என்ற பழைய குறைக்கு அது ஓரளவு ஈடு செய்கிறது.

படிக்கும் முறை

கோல்ஃபாக்ஸின் மூன்று சாசனங்களிலிருந்து எந்த ஊரின் பலகைக்கும் பொருந்தும் ஒரு வாசிப்பு முறையை வகுத்துக்கொள்ளலாம். நிகழ்வின் ஆண்டைப் பார்ப்பதற்கு முன் பலகை நடப்பட்ட ஆண்டையும், அதை நட்டவரின் பெயரையும் பார்க்க வேண்டும்; பெரும்பாலான பலகைகளில் இவை அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அடுத்து, யாருக்குப் பெயர் தரப்பட்டிருக்கிறது, யாருக்கு எண் மட்டும், யாருக்கு இரண்டும் இல்லை என்று கவனிக்க வேண்டும். கொல்லப்பட்டனர் என்று சொல்லும் வாக்கியம் கொன்றவர் யாரென்று சொல்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. நிகழ்வால் எது முடிந்தது, எது தொடங்கியது என்று கடைசி வரி கூறினால், அம்முடிவு யாருக்கு நன்மையாக இருந்தது என்பது நான்காவது.

பலகைகளை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்ற வாதம் அமெரிக்காவில் இன்றும் வலுவாக ஒலிக்கிறது. கோல்ஃபாக்ஸ் பலகையைப் பொறுத்தவரை அவ்வாதம் நிற்கவில்லை: அதன் வாசகம் நிழற்படங்களிலும் நூல்களிலும் முழுமையாக உள்ளது, 1950-ஆம் ஆண்டின் மனநிலைக்குச் சான்றாக அது தொடர்ந்து படிக்கப்படும், அகற்றப்பட்டது நீதிமன்றத்தருகே நின்று அரசின் குரலில் பேசும் உரிமை மட்டுமே. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1870-களில் விதவைகளும் தப்பிப் பிழைத்தோரும் சாட்சி சொன்ன காலத்திலேயே ஒரு கல் நடப்பட்டிருந்தால், அதில் ஏறக்கூடிய பெயர்கள் 57-ஐவிட மிகுந்திருக்கும். 1875-ஆம் ஆண்டு அறிக்கையின் 105-க்கும் 2023-ஆம் ஆண்டுக் கல்லின் 57-க்கும் இடையே உள்ள 48 பேரின் வேறுபாட்டை எவ்வளவு நேர்மையான பலகையாலும் இனி எளிதில் நிரப்ப முடியாது. ஒரு சமூகம் தன் சாலையோரத்தில் உண்மையை எழுத ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டதற்கான விலை அந்த வேறுபாடு.